லண்டனுக்குப் போன பரோட்டாக்கடை ரவுடி

மோசமான படத்தை மோசம் என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்? 2021 சூன் 18 அன்று நெட்பிளிக்சில் 'ஜகமே தந்திரம்' வந்ததிலிருந்து இந்தத் தயக்கத்தைத் தோழர்களிடம் பார்த்து வருகிறேன். "படம் சுமார்தான் தோழர், ஆனா அகதியப் பத்திப் பேசுது, வெள்ளைக்காரனோட இனவெறியப் பேசுது, அதுக்காக விட்டுரலாம்" என்கிறார்கள். நல்ல சேதி சொல்கிற படைப்பை அரைகுறையாகச் செய்திருந்தால் மன்னித்துவிடலாமா? பலர் இதை ரசனைச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகவே படுகிறது.

கதை தெரிந்ததுதான். மதுரையில் பரோட்டாக்கடையும் வெட்டுக்குத்துமாக இருக்கும் சுருளியை (தனுஷ்) லண்டன் தாதா பீட்டர் (ஜேம்ஸ் காஸ்மோ) கூலிக்கு அழைத்துக்கொள்கிறான். எதிராளி சிவதாஸ் (ஜோஜு ஜார்ஜ்), அகதிகளுக்கு ஒத்தாசையாக இருக்கும் தமிழ்த் தாதா. சுருளி அவனோடு ஒட்டி உறவாடி, காசுக்குக் காட்டிக்கொடுத்துச் சாகடிக்கிறான். அப்புறம் அத்திலா என்ற ஈழப்பெண் (ஐஸ்வர்யா லெட்சுமி) தன் கதையைச் சொல்ல, மனம் மாறுகிறான். இயக்கம் கார்த்திக் சுப்புராஜ்.

லண்டன் தெருவில் இத்தனை துப்பாக்கிச்சூடு நடக்கிறதே, போலீசு எங்கே போச்சு என்றெல்லாம் நான் கேட்கவில்லை. எங்க பக்கம் திருவிழாவில் அரிச்சந்திர நாடகம் போட்டு மயானகாண்டம் நடக்கும். பழைய படுதா ஒன்று, ஆர்மோனியம், மிருதங்கம், அவ்வளவுதான். சனம் விடியவிடிய அழும். அங்கே இல்லாத சுடுகாடு எப்படி வந்தது? நடிக்கிறவருக்குச் சுடுகாடு தெரியும். இந்தப் படத்தில் பணம் கொட்டியிருக்கிறது. சுருளியின் மீசை, கோட்டு, மெதுவாக நடந்து வரும் நடை, துப்பாக்கி என்று ஒவ்வொன்றையும் இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள். ஒரு சனத்தின் அழிவு மட்டும் அவசர அவசரமான பின்கதையாக வந்து போகிறது. எதற்கு நேரமிருந்தது, எதற்கு நேரமில்லை என்பதில் எடுத்தவரின் மனசு தெரிகிறதா இல்லையா? யாரைக் கவனித்துப் பார்ப்பது, யாரை ஏனோதானோவென்று பார்ப்பது என்பதைக் காலங்காலமாக அனுபவித்தவர்கள் நாம். ஊரின் கண் நம் மேல் படுவதும் இப்படித்தான்.

அந்த நாடகத்தின் மேலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ராசா சுடுகாடு காத்தான், சோதனை முடிந்ததும் ராச்சியம் திரும்பக் கிடைத்தது. அவன் பிடித்திருந்த தடி இன்னும் நம்ம ஆட்கள் கையில்தானே இருக்கிறது? சுருளி கதையும் அந்த வகைதான். செத்தவன் சிவதாஸ், நாதியற்றுப் போனவர்கள் அவனை நம்பியிருந்த அகதிகள். துரோகம் செய்தவனுக்கோ ஒரு கதை கேட்டதும் ஈரம் சுரந்துவிடுகிறது. அதற்கப்புறம் படம் முழுக்க அவன் மனசாட்சியைப் பற்றியதாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் பட்ட பாடெல்லாம், பாதகம் செய்தவன் கை கழுவிக்கொள்ளத் தண்ணீரா? மன்னிக்கும் உரிமை யாருக்கு என்று படம் ஒரு நிமிசம்கூட நின்று யோசிக்கவில்லை. மனம் திருந்திய பண்ணையார் மகன்களைச் சினிமாவில் நிறையப் பார்த்துவிட்டோம். அவர்களுக்கு இப்போது விமான டிக்கெட்டும் கிடைத்திருக்கிறது.

ஏன் லண்டன்? அங்கே போனால் எல்லாரும் வெறும் தமிழராகிவிடலாம். எதிரி வெள்ளைக்காரன். ஊரும் சேரியும் கடலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். நிசத்தில் அவை நிற்கவில்லை. பீகாரிலிருந்து வீட்டுவேலைக்குக் கொண்டுபோன ஓர் ஆதிவாசிப் பெண்ணை, இங்கிலாந்தில் இந்தியக் குடும்பம் ஒன்று தரையில் படுக்கவைத்து, தினம் 18 மணிநேரம் வேலை வாங்கியது. 2015இல் தீர்ப்பாயம் அவருக்கு 1,83,774 பவுண்டு கொடுக்கச் சொன்னது. சாதியைப் பாகுபாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2013இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சொன்னதை, 2018இல் அரசு கைகழுவிவிட்டது. குற்றப்படம் எடுக்க இதைவிட என்ன வேண்டும்? ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் முகாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அகதி முகாம் என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் அங்கே 321 வீடுகள் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2024 மார்ச்சில் வந்த விதிகளாலும் அது மாறவில்லை. அகதிக்கு எதிராகச் சட்டம் போடத் துடிக்கும் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கைதட்டிய நாம், நம்ம ஊர்ச் சட்டத்தை எத்தனை பேர் படித்தோம்? பெயிண்டிங் வேலைக்குப் போகும் முகாம் தம்பி ஒருவன் கேட்டான், "ஏண்ணே, தோட்டனூத்துக்குப் பஸ் இல்லைன்னா லண்டன் போனாங்க?"

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், கேரளா லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு ஓய்ந்திருந்த நேரத்தில் செல்போனில் இதைப் பார்த்தவர்களில் ஒரு பெரியவரும் இருந்தார். அவர் அம்மா சிலோனிலிருந்து வந்தவர். 1948இல் இலங்கை, தோட்டத்துச் சனத்தைச் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் சனம், தலித்துகள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே வந்து சேர்ந்தவர்களில் பலர் கொடைக்கானல் மலையில் மரம்வெட்டும் காண்டிராக்டர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள். அது 1980களில் நீதிமன்றம் வரை போன சங்கதி.

"படம் எப்படிங்கய்யா?" என்றேன். "பாட்டு நல்லாருக்கு தம்பி. அந்தப் புள்ள கதை சொல்றப்ப எங்காத்தா ஞாபகம் வந்துருச்சு" என்றார். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்தது யார்? படம் ஒரு துளிதான் கொடுத்தது, மிச்சத்தை அவர்தான் தன் ஆத்தாளிடமிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆத்தா என்ன சொல்லும் என்று கேட்டேன். கப்பல், மண்டபம் முகாம், மலையில் முதல் ராத்திரிக் குளிர் என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்த லாரி வந்துவிட்டது. மீதியைக் கேட்க அடுத்த வாரம் போக வேண்டும்.