நம்பிக்கையைச் சோதிக்கலாமா?

நல்ல நோக்கத்திற்காகப் பிறரை ஏமாற்றலாமா என்பது பழைய கேள்வி. கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையில் அது புதிய வடிவில் நம் முன் நிற்கின்றது. பூட்டின் பலவீனத்தை அறிய அதைத் திறந்து பார்ப்பதே இத்துறை ஆய்வாளரின் பணி. ஆனால், சோதிக்கப்படுவது பூட்டாக இல்லாமல் காவல்காரராக இருந்தால்?

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர் ஒருவரும் அவருடைய வழிகாட்டியும் 2020-ஆம் ஆண்டில் இத்தகைய ஆய்வொன்றை நடத்தினர். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருநிரலுக்கு எவரும் திருத்தம் அனுப்பலாம்; பராமரிப்பாளர்கள் அதைச் சரிபார்த்த பின்னரே ஏற்பர். குறையை நீக்குவதுபோல் தோன்றி, புதிய குறையை நுழைக்கும் திருத்தங்களை அவர்கள் கண்டுகொள்வார்களா? இதை அறிய, ஆய்வாளர்கள் புனைபெயர்களில் சில திருத்தங்களை அனுப்பினர். குறையுள்ள திருத்தம் எதுவும் கருநிரலில் சேராமல் பார்த்துக்கொண்டதாகப் பின்னர் விளக்கினர். இது மனிதர்மீது நடத்தும் ஆய்வன்று என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வுநெறிக் குழுவும் கருதியது.

2021 ஏப்ரலில் லினக்ஸ் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அப்பல்கலைக்கழகத்தின் திருத்தங்கள் அனைத்தையும் மறுத்தார். அங்கிருந்து முன்பு வந்திருந்தவையும் மறுபரிசீலனைக்கு உள்ளாயின. ஆய்வாளர்கள் மன்னிப்புக் கேட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றனர்.

அவர்களுடைய அச்சம் வீணானதன்று. 2024 மார்ச்சில், எக்ஸ்ஸெட் என்னும் மென்பொருளில், ஈராண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் கள்ளவழி அமைத்திருந்தது வெளிப்பட்டது. எனினும், முடிவு உண்மையானது என்பதால் வழியும் நேரியதாகிவிடாது. பொய்யும் வாய்மையாகும் இடம் உண்டென்ற வள்ளுவர், அதனால் விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தார். இங்கோ, பராமரிப்பாளர்களின் உழைப்பும் நேரமும் அவர்களுடைய இசைவின்றியே எடுத்துக்கொள்ளப்பட்டன. அப்பல்கலைக்கழகத்தின் பிற மாணவர்களுடைய நேர்மையான உழைப்பின்மீதும் ஐயத்தின் நிழல் விழுந்தது.

திட்டத்தின் பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி இசைவு பெற்றிருக்கலாம். மற்றவர்களுக்குத் தெரியாமலே சோதனையும் நடந்திருக்கும், நம்பிக்கையும் உடைந்திராது. குழு தடுக்கவில்லை என்பது மனச்சான்றுக்கு விடுமுறை ஆகாது. அனுமதிக்கப்பட்டவை எல்லாம் நல்லவை அல்ல.

ஆசிரியர் மாணவரையும், முதலாளி தொழிலாளியையும், பெற்றோர் பிள்ளையையும் நம் இல்லங்களிலும் பணியிடங்களிலும் இவ்வாறே மறைவாகச் சோதிப்பதுண்டு. உறவைக் காக்கவே சோதிக்கிறோம் என்கிறோம். சோதனை முடிந்தபின் காப்பதற்கு அந்த உறவு எஞ்சியிருக்குமா என்பதை முதலில் சிந்திப்போம்.