இழந்தது யார்?

வண்டன்மேட்டில் மழைக்காலம். ஏலத்தோட்டங்களின் மீது மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை, அன்பர்கள் சிலருடன் உரையாடிக்கொண்டிருந்தேன். தோட்ட வேலை செய்யும் ஒரு தாயார் தம் மகனுடன் வந்திருந்தார். மூன்று ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கைபேசிச் சீட்டாட்டத்தில் சில வாரங்களில் இழந்திருந்தான் அந்த இளைஞன். இழந்ததை மீட்கக் கடனும் வாங்கியிருந்தான்.

"அது நான் சம்பாதித்த பணம் சுவாமிஜி. யாரிடமும் திருடவில்லை. நான் எதை விளையாடலாம், எதை விளையாடக் கூடாது என்று அரசாங்கம் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்டான் அவன்.

தாயார் கேட்டது வேறு: "சாமி, இவனைத் தண்டிக்கணுமா, இல்லை வைத்தியம் பார்க்கணுமா?"

இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. ஒன்று சுதந்திரத்தைப் பற்றியது; மற்றொன்று பொறுப்பைப் பற்றியது. இரண்டுக்கும் சேர்த்தே விடை தேட வேண்டும்.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

மின்னணு சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தையும் நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இணையவழி விற்பனையும் இதில் அடங்கும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்ற பழைய வேறுபாட்டை இச்சட்டம் பொருட்படுத்தவில்லை. ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இவ்விரு சட்டங்களிலும் ஓர் ஒற்றுமை உள்ளது. விற்பவனுக்குத் தண்டனை உண்டு. புகைப்பவனுக்கோ ஆடுபவனுக்கோ இல்லை. அந்தத் தாயாரின் கேள்விக்குச் சட்டம் தரும் விடை இதுவே: உங்கள் மகன் குற்றவாளி அல்ல.

பழைய விவாதம்

சூதை ஒழிப்பதா, ஒழுங்குபடுத்துவதா என்ற கேள்வி நேற்றுப் பிறந்ததன்று. அரசன் தன் நாட்டிலிருந்து சூதை அடியோடு விலக்க வேண்டும் என்பது மனுவின் நிலை. கௌடில்யரோ வேறு வழி கூறினார். சூதாட்டத்தை ஓரிடத்தில் மட்டும் நடத்த வேண்டும். அதைக் கண்காணிக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்குச் சேர வேண்டும். மறைந்து திரியும் திருடர்களைக் கண்டுபிடிக்கவும் இது உதவும் என்பது அவர் கணக்கு.

வண்டன்மேட்டுவாசிகளுக்கு இந்த இரு நிலைகளும் புத்தகச் செய்திகள் அல்ல. கம்பம்மெட்டு எல்லையைக் கடந்தால் இரண்டையும் கண்ணால் காணலாம். கேரளத்தில் 1967இல் லாட்டரிக்கென்றே ஒரு துறை உருவானது. இன்றும் அரசே சீட்டு விற்கிறது. மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஆனால், அதே ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையைத் தமிழக அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆகவே எந்தப் பக்கமும் மற்றதை நோக்கி விரல் நீட்ட இயலாது. குடிமகனின் பலவீனத்திலிருந்து வருவாய் பெறும் அரசின் சட்டம் அவனைத் தடுக்கலாம். ஆனால் அவனுக்கு நல்லொழுக்கத்தைப் போதிக்கும் தகுதியை அது பெரிதும் இழந்துவிடுகிறது.

திரௌபதி கேட்ட கேள்வி

இனி, இளைஞனின் கேள்விக்கு வருவோம். 'என் பணம், என் விருப்பம்' என்கிறான் அவன். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவனுடைய செயலில் அரசு குறுக்கிடலாகாது என்று 1859இல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் இவன் பக்கம் நிற்பதாகவே தோன்றும். ஆனால் அதே மில் ஓர் எல்லையையும் வகுத்தார்: தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை, சுதந்திரத்தையே விட்டுக்கொடுப்பது சுதந்திரமாகாது.

இக்கருத்தின் வேர் நம் மகாபாரதத்தில் இருக்கிறது. தருமபுத்திரர் செல்வத்தை இழந்தார், நாட்டை இழந்தார், தம்பியரை இழந்தார், தம்மையே இழந்தார். அதன் பிறகு திரௌபதியைப் பணயம் வைத்தார். அழைக்க வந்த தூதனைத் திரௌபதி திருப்பி அனுப்பி, ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: அவர் முதலில் இழந்தது தம்மையா, என்னையா? தம்மை இழந்த ஒருவருக்கு வேறொன்றைப் பணயம் வைக்கும் உரிமை ஏது? பீஷ்மர் இருந்த சபையிலேயே இதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

கைபேசியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞனிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். முதல் ஆட்டத்தை ஆடியவன் அவன்தான். நள்ளிரவு கடந்து, இழந்ததைப் பிடித்துவிடும் வெறியில் இருபதாவது ஆட்டத்தை ஆடியவன் யார்? 'என் விருப்பம்' என்பதில் உள்ள அந்த 'நான்' அப்போது எங்கே இருந்தான்? தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த ஒழுங்குமுறை, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு ஜூனில் அதை ஏற்றது. மனிதன் தன்னை இழக்கும் நேரத்தைச் சட்டம் உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

'விவசாயமும் சூதுதானே?'

இளைஞன் விடவில்லை. "ஏலக்காய் மட்டும் என்ன? 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 2022இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. மழையை நம்பிப் பணம் போடுவதும் சூதுதானே?" என்றான்.

நல்ல கேள்வி. ஆனால் விலை வீழ்ந்த ஆண்டிலும் செடி காய்த்தது. அந்தக் காய் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலுக்கு மணம் சேர்த்தது. விவசாயி ஏற்கும் இடர், உழைப்போடு கலந்தது. உலகுக்கு ஒன்றைத் தருவது. சூதில் எதுவும் விளைவதில்லை. ஒருவரின் பணம் இன்னொருவர் கைக்கு மாறுகிறது. இடையில் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். ஒருவரது கண்ணீரே மற்றவரது வெற்றி.

மருந்து

திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்துள்ள வரிசை சிந்திக்கத்தக்கது. 93ஆவது கள்ளுண்ணாமை, 94ஆவது சூது, 95ஆவது மருந்து. இம்மூன்றையும் நட்பியலில் சேர்ப்பதும் உண்டு. சூது, நண்பனைப் போல வந்து தோளில் கைபோடும் பகை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த முடியுமா?

அந்தத் தாயாரிடம் நான் கூறியது இதுதான்: "அம்மா, தண்டிக்க வேண்டாம், வைத்தியம் பாருங்கள். ஆனால், பொறுப்பிலிருந்து அவனை விடுவித்துவிடாதீர்கள். கடனை அவனே உழைத்து அடைக்கட்டும். நோயாளி என்று மட்டும் நினைத்தால் அவனுள் இருக்கும் வலிமையை மறந்துவிடுவீர்கள். குற்றவாளி என்று மட்டும் நினைத்தால் அவனையே இழந்துவிடுவீர்கள்." மனநல உதவிக்கான மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416ஐயும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன்.

சட்டம் ஒரு வேலி. வேலி இல்லாவிட்டால் பயிர் நிலைக்காது. ஆனால் வேலி பயிரை வளர்ப்பதில்லை. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே சிறிது இடைவெளியைச் சட்டம் உண்டாக்கித் தரலாம். அந்த இடைவெளியில் தன்னைத் தேடிக் கண்டெடுக்க வேண்டியவன் மனிதனே. பணத்தை இழந்தவன் மீண்டும் சம்பாதிக்கலாம். தன்னை இழந்தவன், முதலில் தன்னை மீட்க வேண்டும்.

விடைபெறும்போது இளைஞன் கைபேசியைத் தாயாரிடம் கொடுத்து, "காலையில் தாருங்கள் அம்மா" என்றான். யாரும் சொல்லி அவன் அதைச் செய்யவில்லை.