எந்தக் காம்பராவில் யார்?

சென்ற தவக்காலத்தில் வீடு சந்திப்புக்காகப் பெரம்பலூரில் ஓர் இல்லத்தின் வாசலில் நாம் நின்றபோது, உள்ளே தரையில் ஒரு பெரிய வரைதாள் விரிந்து கிடந்தது. பேத்தி குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எண்பதைக் கடந்த பாட்டி சுவரில் சாய்ந்தபடி திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் பயில்பவள். அவள் வரைந்தது, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அம்மூதாட்டி பிறந்து, வளர்ந்து, மணமுடித்த லயத்தின் அமைப்பு. இரட்டை லயம் அது. மேலே ஒரே கூரை. நடுவே நீளவாக்கில் ஒரே சுவர். அச்சுவரின் இருபுறமும் முதுகோடு முதுகாகப் பக்கத்துக்கு ஆறு காம்பராக்கள். ஒவ்வொன்றின் முன்னும் இஸ்தோப்பு எனப்படும் சிறு திண்ணை.

அறையின் அளவு பாட்டிக்குத் தெரியாது. "நாலு பாய் போடலாம், அஞ்சாவது ஆளுக்குக் காலு இஸ்தோப்புல" என்றார். பேத்தி பாயின் அகலத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று குறித்தாள். மலையகத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் தரும் அளவும் அதுவே.

இது பொழுதுபோக்கு வேலையன்று. பாட்டியின் பாட்டனார் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கண்டிச்சீமைக்குப் போனவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை மெய்ப்பிக்கக் கேட்டு, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கை, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. இக்குடும்பமும் இந்தியக் குடியுரிமைக்கு மனுச் செய்தது. முறை வருமுன் 1983 வந்துவிட்டது. கப்பலேற வேண்டியவர்கள் படகேறினார்கள்; தாயகம் திரும்பியோர் என்னும் பெயருக்குப் பதில் அகதிகள் என்னும் பெயர் அவர்களுக்கு வாய்த்தது. இத்தகையோர் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் தரும் விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அச்செய்தி கேட்டதிலிருந்து இவ்வீட்டாரும் தாள் தேடுகிறார்கள். அதே லயத்தில் வாழ்ந்து, முறைப்படி கடவுச்சீட்டு பெற்று முன்னரே இந்தியா சேர்ந்த குடும்பங்களைக் கண்டுபிடித்தால், "இவர் எங்கள் அண்டை வீட்டார்" என்று சொல்லச் சாட்சி கிடைக்கும். எந்தக் காம்பராவில் யார் என்பதே கேள்வி.

சுவர்களைக் கொண்டும் பெயர்களைக் கொண்டும் ஏழைகளின் வாழ்வை மீட்டெடுக்கும் இவ்வேலையை மேலைநாட்டார் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹர்ஸ்ட் தெருவை ஒட்டி, 19ஆம் நூற்றாண்டில் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட வாடகைக் குடியிருப்புகளின் முற்றம் ஒன்று எஞ்சி நின்றது. குடிக்கணக்கு ஏடுகளையும் பழைய வரைபடங்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, எந்த வீட்டில் எத்தொழிலாளி வாழ்ந்தார் என்று கண்டு, 2004இல் அதைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். இங்கிலாந்தின் 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, ஐந்துக்கும் குறைவான அறைகளில் வாழும் குடும்பங்களிடம் எத்தனை அறை என்றும் கேட்டு எழுதியது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

ஆயினும் எண்ணுவோர் எல்லாரும் ஒரே நோக்கத்தோடு எண்ணவில்லை. கிளாஸ்கோ நகரில் 1862ஆம் ஆண்டின் சட்டப்படி சிறு வீடுகளை அளந்து, இத்தனை கன அடி, இத்தனை பேர் என்று பொறித்த தகரச் சீட்டைக் கதவில் அறைந்தார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு 300 கன அடி; எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதில் பாதி. நோயைத் தடுப்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் நள்ளிரவில் ஆய்வாளர் கதவைத் தட்டுவார். கணக்குக்கு மிகுந்தவர்கள் கட்டிலுக்கடியிலும் அலமாரிக்குள்ளும் கூரைமேலும் ஒளிவார்கள். பாட்டியின் காம்பராவை எட்டடி உயரமென்று கொண்டால் 960 கன அடி. கிளாஸ்கோ ஆய்வாளர் மூன்று பேருக்குத்தான் சீட்டு அறைந்திருப்பார். அதில் வாழ்ந்தவர்கள் ஒன்பது பேர். இலங்கையிலோ தகரத்தைக் கதவில் அறையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எண் பொறித்த தகரச் சீட்டை, கடல் கடந்து வந்த கூலியாளின் கையிலேயே கொடுத்தார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கிலாந்துச் சேரியில் வாழ்ந்தவர் வாடகைதாரர். வாடகைக் கணக்கில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவர் யாருக்கும் குடிவாரம் செலுத்தவில்லை. உழைப்புக்குத்தான் காம்பரா. தோட்டத்தின் செக்ரோல் ஏட்டில் அன்றைக்குக் கொழுந்து பறித்த கைக்கே பெயர் உண்டு. படுக்கையில் கிடந்த கிழவனுக்கும், பிள்ளை பார்த்துக்கொண்ட விதவை அத்தைக்கும் இல்லை. அவர்களும் அந்த நான்கு பாய்களில்தான் படுத்திருந்தார்கள்.

பதினோரு காம்பராக்களுக்குப் பெயர்கள் நிரம்பின. பின்பக்கத்துக் கடைசிக் காம்பரா வெறுமையாக நின்றது. "இதுல யாரு அம்மாயி?" என்று பேத்தி கேட்டாள். "அது வேணாம் புள்ள" என்றார் பாட்டி. மறந்துவிட்டதா என்று கேட்டாள், மறக்கவில்லை என்றார். அங்கே இருந்தவர்கள் எழுபதுகளிலேயே இந்தியா வந்துவிட்டார்கள் என்பதும், நெருங்கிய சாட்சி அவர்களே என்பதும் பேச்சிலிருந்து விளங்கியது. நாமும் இடையில் நுழைந்து, சொன்னால் பிள்ளைகளுக்கு உதவுமே என்றோம். பாட்டி நம்மை நிமிர்ந்து பார்த்தார்: "அத நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லி அம்பது வருசமாச்சு சாமி. இன்னொரு தடவ கேக்காதீங்க."

பேராசை, கோபம் ஆகியவற்றைப் போல அறியும் ஆசையிலும் ஒழுங்கு பிறழ்தல் உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் விளக்குகிறார். பிறர் செயலை அறிவது நமக்கோ அவருக்கோ நன்மை பயக்குமாயின் அது நன்று. இகழ்வதற்காகவோ வீணாகவோ துருவுவது குற்றம் என்பது அவர் கருத்து. குருமடத்தில் இதனைப் படித்துத் தேர்வும் எழுதினோம். பாட்டியின் முன்னிலையில் அப்பிரிவினை அத்தனை எளிதாக இல்லை. நாம் கேட்டது பேத்தியின் நன்மைக்காகவே. ஆயினும் கேட்கும்போது நம் மனத்தில் ஓர் ஆவல் எழுந்ததை மறைப்பதற்கில்லை. செத்தவர்களின் அறைகளுக்குள் நுழையும்போது இதைத் தடுக்க யாரும் இல்லை. பர்மிங்காமின் தையற்காரரோ கண்ணாடித் தொழிலாளியோ எழுந்து வந்து, "அது வேணாம்" என்று சொல்லப் போவதில்லை. தாவீது அரசர் மக்களைத் தொகை எடுத்தது பாவமாயிற்று. மோயீசன் எடுத்தது கடவுளின் கட்டளையாயிற்று. எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை, எண்ணியவரின் மனத்தில்தான்.

அப்படியானால் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுவது எப்போதும் மரியாதையாகுமா? ஆகாது என்பதை நம் தவற்றால் அறிந்தோம். பல ஆண்டுகளுக்கு முன், நாம் புதிதாகப் பொறுப்பேற்ற பங்கொன்றில் வீடு வீடாகச் சென்று குடும்பப் பதிவேட்டைப் புதுப்பித்தோம். ஒரு வீட்டில் குடும்பத் தலைவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு திரும்பினோம். திண்ணையில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்த கிழவியை அக்கம்பக்கத்தார் என்று எண்ணிவிட்டோம். அவர் அந்த வீட்டுத் தலைவனின் பெரியம்மாள். போக்கிடமின்றி முப்பதாண்டுகளாக அத்திண்ணையிலேயே உறங்கியவர். அவர் இறந்தபோது, அடக்கப் பதிவேட்டில் எழுதத் திருமுழுக்குப் பெயரைத் தேடினோம். நம் கையெழுத்திலிருந்த பக்கத்தில் அவர் இல்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவே.

இவ்விரண்டு வெற்றிடங்களும் தாளில் ஒன்றுபோல்தான் தோன்றும். ஒன்று, கேட்பாரின்றி விடப்பட்டது. மற்றொன்று, ஒருவர் அறிந்தே காத்துக்கொண்டது. முன்னதை நிரப்பாதிருப்பது அநீதி. பின்னதை நிரப்புவதும் அநீதியே. பிற்காலத்தில் இவ்வரைபடத்தைக் காண்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அக்காம்பராவில் "கேட்டோம், சொல்ல விரும்பவில்லை" என்று எழுதிவிடு என்று பேத்தியிடம் சொன்னோம். அவள் முகம் சுருங்கிற்று. ஒரு சாட்சியை அவள் இழக்கிறாள். அந்த இழப்பை ஈடுசெய்ய நம்மிடம் ஒன்றுமில்லை. சற்று நேரம் கழித்துப் பென்சிலால் எழுதினாள், மையால் எழுதவில்லை. நாமும் பங்கு இல்லம் திரும்பியதும், பழைய பங்கின் இன்றைய பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதி, அப்பக்கத்தின் ஓரத்தில் அம்மூதாட்டியின் பெயரையும் "திண்ணையில் வாழ்ந்தவர்" என்பதையும் சேர்க்கக் கேட்டுக்கொண்டோம்.

தமிழகத்து முகாம்களில் சிதைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக 2021இல் மாநில அரசு அறிவித்தது. பழைய குடிசைகள் இடிபடும் முன் அவற்றையும் இவ்வாறு வரைந்து வைக்க வேண்டும் என்று பேத்தி சொன்னாள். யார் வீட்டுக்குள் முதலில் கேட்டுவிட்டு நுழைவாள் என்று கேட்க நினைத்தோம், கேட்கவில்லை.

நாம் எழுந்தபோது பாட்டி தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு அடுப்பு, இஸ்தோப்பு, எல்லாம் சரிதான் என்றார். "பீலி எங்க புள்ள?" என்றார் பிறகு. மலையூற்றிலிருந்து தண்ணீர் வந்து விழும் அந்தக் குழாயடி லயத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி இருந்ததாம். தாளில் அதற்கு இடமில்லை. பேத்தி பசை எடுத்து வந்து, கீழே இன்னொரு தாளை ஒட்டத் தொடங்கினாள்.