காணாக்கடியும் பிராரப்தமும்

காரணம் புலப்படாமல் உடம்பில் தடிப்புகள் எழுந்து தினவெடுத்தால் அதனைக் காணாக்கடி என்று தீர்மானித்து, மந்திரிப்பவரிடம் அழைத்துச் சென்று, வேப்பிலையால் வருடித் திருநீறு பூசச் செய்து, சில நாள் பத்தியம் காக்க வைப்பது நம் கிராமங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பெரும்பாலான பூச்சிக்கடிகள் இரண்டொரு நாளில் தாமே அடங்கிவிடுவதால், இதனால் தீங்கு நேர்ந்ததாக எவரும் எண்ணுவதில்லை. அடங்காத கடி ஒன்று வாய்த்து, நோயாளி நினைவிழந்து கிடக்கும் போதுதான், “அவன் பிராரப்தம் அப்படி, யார் என்ன செய்ய முடியும்?” என்ற பேச்சு எழுகிறது. ஒரு சிற்றுயிரின் கடிக்கு மருத்துவரை எப்போது நாடுவது என்ற எளிய கேள்வி, அந்தப் பேச்சினால் சமயத்தின் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இவ்வாறு பேசுவோரை நாஸ்திக வாதத்தால் மறுக்க வேண்டியதில்லை; அவர்கள் போற்றும் பாரம்பரியமே விடை வைத்திருக்கிறது. ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், மனிதனின் ஆயுள் முன்னரே வரையறுக்கப்பட்டதா என்று மாணவர் அக்னிவேசர் வினவ, முற்பிறவியில் செய்த வினையாகிய தெய்வம், இப்பிறவியில் செய்யும் முயற்சியாகிய புருஷகாரம் என்ற இரண்டின் சேர்க்கையால் ஆயுள் அமைகிறது என்றும், அவற்றுள் வலியது மற்றதை வெல்லும் என்றும் அவருடைய குரு ஆத்ரேயர் விளக்குகிறார். அதனை ஒட்டி அவர் காட்டும் நியாயமே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: எல்லா ஆயுளும் நிச்சயிக்கப்பட்டதே என்றால், நீடு வாழ விரும்புவோர் மந்திரத்தையும் மூலிகையையும் மணியையும் ஹோமத்தையும் உபவாசத்தையும் நாட வேண்டிய அவசியமே இராது. மந்திரமும் மருந்தும் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. அப்படியானால் திருநீறு மந்திரிக்கச் செல்பவரும் விதியின் முன் கைகட்டி நிற்பவர் அல்லர். முயற்சியின் பக்கம் வந்துவிட்டவரே. அவருக்கும் மருத்துவருக்கும் உள்ள விவாதம் பக்திக்கும் பக்தியின்மைக்கும் இடையிலானதன்று. எந்த முயற்சியை முதலில், எவ்வளவு விரைவில் செய்வது என்பதைப் பற்றியதே.

கர்மக் கொள்கையை அடித்தளமாகக் கொண்ட பௌத்தத்திலும் இதே தெளிவைக் காணலாம். மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்வது பற்றிச் சீவகர் என்ற பரிவிராஜகர் கேட்டபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், அம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, புறத்திலிருந்து வரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் புத்தர் எண்ணிக் காட்டியதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. வினை எட்டில் ஒன்று. அந்த ஒன்றையே எல்லாவற்றுக்கும் காரணமாக்குவோர், தாம் அனுபவத்தில் அறிந்ததையும் உலகம் உண்மையெனக் கொண்டதையும் கடந்து பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு.

இனி, விதியைப் பேசாமல் பொறுமையைப் பேசுவோர் உண்டு. கர்ணனின் தொடையை ஒரு ஜந்து துளைத்த கதையை அறியாதவர் நம்மிடையே இல்லை. கதாகாலட்சேபங்களில் அது வண்டு. வியாச பாரதத்தில் எட்டுக் கால்களை உடைய, அலர்க்கம் என்னும் புழு. மடியில் தலைவைத்துத் துயிலும் பரசுராமர் விழித்துவிடக் கூடாதே என்று அசையாமல் இருந்தான் கர்ணன். வழிந்த குருதி குருவின் மேல் பட்டபோது அவனுடைய பொறுமையே அவனைக் காட்டிக்கொடுத்துச் சாபத்துக்கு ஆளாக்கியது. அவனுடைய குருபக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அவன் பொறுத்தது பிறர் ஒருவரின் நன்மைக்காக. யாருக்கும் நன்மையின்றி, வீங்கும் உதட்டோடு ஒருவர் திண்ணையில் பொறுத்திருப்பதை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நோகிறவர் குழந்தையாக இருந்து, பொறுக்கச் சொல்கிறவர் நாமாக இருந்தால், அதற்குப் பொறுமை என்று பெயரிடுவதே அநியாயம்.

ஆகவே எந்த அறிகுறிக்கு எழுந்து புறப்பட வேண்டும் என்று அறிந்திருப்பதும் தர்மத்தின் ஒரு பகுதியே. கடிவாயில் மட்டும் சிவப்பும் வீக்கமும் அரிப்பும் இருந்தால், சோப்பும் நீரும் இட்டுக் கழுவிக் குளிர்ந்த துணி வைத்துக் காத்திருக்கலாம். ஆனால் குளவியோ தேனீயோ கொட்டிய சிறிது நேரத்தில் உதடு, நாக்கு, முகம் வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், குரல் கம்முதல், மயக்கம், வாந்தி இவற்றுள் எது தோன்றினாலும் அப்போதே 108க்கு அழைக்க வேண்டும். அந்நிலையில் உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. கதண்டுக் கூடு கலைந்து பல இடங்களில் கொட்டினாலும், வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் தாமதம் ஆகாது. நாட்கள் செல்லச் செல்லச் சிவப்பு பரவி, சூடேறி, சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டால் அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதே. திருநீற்றை வழியில் வண்டியிலேயே பூசிக்கொள்ளலாம். அதற்கு எந்த மருத்துவரும் தடை சொல்லமாட்டார்.

மெய்யாகவே கண்ணுக்குப் படாத கடி ஒன்று உண்டு. மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் அரிதானதன்று. கடிக்கும்போது வலிப்பதில்லை, 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வருகின்றன. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படலாம். தொடக்கத்திலேயே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணிகிறது. கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்பின் அடியிலோ, இடுப்பில் துணி இறுகும் இடத்திலோ மறைந்திருப்பதாலும், அரிக்காமலும் நோகாமலும் இருப்பதாலும், நோயாளியே அதனை அறிவதில்லை. அறிந்த பெண்களும் கூச்சத்தால் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். காய்ச்சல்காரரை உடம்பு துடைத்து உடை மாற்றும் தாயோ மனைவியோ மகளோ அந்த இடங்களைப் பார்த்து, இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வயலுக்கோ காட்டுக்கோ விறகுக்கோ போய்வந்ததையும் மறக்காமல் சேர்த்துச் சொல்ல வேண்டும்.