சும்மா உட்கார ஒரு நாற்காலி

பெண் உட்கார்ந்திருப்பதைச் சொல்லும்போது ‘சும்மா’ என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. “வீட்ல சும்மாதானே உக்காந்திருக்கா?” ஆண் திண்ணையில் உட்கார்ந்தால் காற்று வாங்குகிறார், பேப்பர் படிக்கிறார். அதே திண்ணையில் என் அம்மா உட்கார வேண்டுமென்றால் மடியில் முறம் இருக்க வேண்டும். வேலை முடித்தவளுக்குக் கிடைக்கும் கூலியாகவே ஓய்வை நமக்குக் காட்டி வளர்த்திருக்கிறார்கள். வீட்டுவேலைக்கோ முடிவே கிடையாது. ஓய்வு உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய ஒன்றுதானா? வாசலில் போட இரண்டு மர நாற்காலிகள் செய்துகொண்டிருந்த மாதங்களில் இந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவே இல்லை.

என்னிடம் இருந்தவை ஒரு கைரம்பம், சுத்தியல், மூலைமட்டம், இஞ்ச் டேப், இரவல் வாங்கிய ட்ரில் மெஷின். பழைய மரக்கடையில், இடித்த வீட்டுத் தேக்குக் கதவுப் பலகைகள் கிடைத்தன. பல கோடை பார்த்த மரம் புது மரம்போல முறுக்கிக்கொள்ளாது. ஆனால் உள்ளே பழைய ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தால் தடவித் தேடாவிட்டால் ரம்பத்தின் பல் போய்விடும். கடைக்காரர் பலகைகளைக் கட்டித் தரும்போது கேட்டார்: “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?” இருக்கிறார்கள் என்றேன். அவருக்கு அது இன்னும் புரியாமல் போயிற்று.

மரத்தோடு மரம் கோக்கும் காடி வேலைக்கு உளி பழக வேண்டும். திருகாணியால் முடுக்கினாலும் நாற்காலி நிற்கும். முதலில் சிறு துளை போட்டுக்கொண்டால் பலகை பிளக்காது. வெளியில் கிடக்கப் போகும் பொருள் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி வேண்டும்; இருக்கைப் பலகைகளுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி விட்டால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். காலின் அடிப்பகுதிதான் ஈரத்தை உறிஞ்சும், அங்கே இரண்டு முறை கூடுதலாக வார்னிஷ் பூச வேண்டும். ஒரே அளவில் பல பலகை அறுக்கும்போது, ஒவ்வொன்றையும் முதல் பலகையை வைத்தே குறிக்க வேண்டும். ஒன்றை வைத்து அடுத்தது, அதை வைத்து அதற்கடுத்தது என்று போனால் அளவு நகர்ந்துகொண்டே போகும். இவ்வளவுதான் இதிலுள்ள ரகசியம். இதற்காகவா இத்தனை தலைமுறையாகப் பெண்களைக் கருவிப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்தார்கள்!

இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974இல், வெறும் பலகையும் ஆணியும் கொண்டு யாரும் செய்துகொள்ளக்கூடிய மேசை நாற்காலிகளின் வரைபடங்களை வெளியிட்டார். தபால் செலவை அனுப்பினால் போதும், வரைபடம் வீடு தேடி வரும். கையால் ஒன்றைச் செய்து பார்த்தவர் கடையில் விற்கும் பொருளை எடைபோடக் கற்றுக்கொள்வார் என்பது அவர் எண்ணம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணத்துக்குள் ஒரு விஷயம் சொல்லப்படாமலே கிடக்கிறது. சுத்தியலும் ரம்பமும் இருந்தால் போதுமென்றால், நேரத்தை யார் தருவது? எனக்கு நேரம் அரைமணி அரைமணியாகத்தான் கிடைத்தது. ஒரு கால் அறுப்பதற்குள் குக்கர் மூன்று முறை கூப்பிடும். நீளமாகக் கிடைத்த பொழுதுகள், வேலைக்கு வரும் அக்கா பாத்திரம் தேய்த்துத் தந்தவை.

இன்னொன்றும் உண்டு. நான் ரம்பம் பிடித்தால் பொழுதுபோக்கு என்று பாராட்டுகிறார்கள். கட்டட வேலையில் சித்தாளாக ஆயுள் முழுக்கச் செங்கலும் கலவையும் சுமக்கும் பெண்ணின் கையில் கொத்துக்கரண்டி வருவது அபூர்வம். அவளோடு சேர்ந்த பையன் சில வருஷத்தில் கொத்தனாராகிவிடுவான். குறைந்த கருவிகளோடு வேலை செய்வது எனக்கு ஒரு சவால், அவளுக்கு அதுவே கூலி.

அளவு எடுக்கும்போதுதான் அம்மாவை முதன்முறையாக அளந்தேன். முழங்காலின் பின்புறத்திலிருந்து குதிகால் வரை 15 அங்குலம். வீட்டிலிருந்த நாற்காலிகளின் உயரம் 18. இத்தனை காலமும் அவள் பாதம் தரையில் படாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் 15 வைக்க முடியவில்லை. மூட்டுவலிக்காரிக்கு இருக்கை தாழ்ந்தால் எழுந்திருப்பது பாடு. 16 வைத்து, கைப்பிடியை முன்னால் நீட்டிவிட்டேன், ஊன்றி எழ. காபி டம்ளர் நிற்கிற அளவு அகலம்.

செய்து முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இன்னும் உருட்டிப் பார்க்கிறேன். ‘நானே செய்தேன், அதனால் உட்காருகிறேன்’ என்று மனசு சொல்லியது. இது பழைய கணக்கேதான். செய்யாதவள் உட்காரக் கூடாதா? ஒரு துரும்பையும் நகர்த்தாத சித்தப்பா வந்ததும் அதில் சாய்ந்துகொண்டார். அவருக்கு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. அவரிடமிருந்து பெண்கள் கற்க வேண்டியது ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான்.

கோழிக்கோட்டின் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் இருக்கை எதற்கென்று சட்டம் சொல்வதைக் கவனியுங்கள்: வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ள. நாற்காலியைச் சட்டம் தருகிறது. வாய்ப்பு அமைவது வேலையைப் பொறுத்தது.

அக்காவின் மகள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அங்கேயும் ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம். “அதுமேல சேலை கட்டு அடுக்கி வெச்சிருக்கு. எடுத்துட்டு உக்காந்தா, கேமராவுல பாத்துட்டுக் கூப்புடுவாங்க” என்று அக்கா சொன்னார், வாசல் படியில் உட்கார்ந்தபடி. நாற்காலியைக் காட்டினேன். “முட்டி மடக்கிப் பழகிருச்சும்மா” என்றார். மறுவாரம் அவரே கேட்டார், மடக்கி எடுத்துப் போகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று. மகளுக்கா என்றேன். “எனக்குத்தான். எங்க வீட்டு வாசல்ல போட்டுக்க.” கால் அளவு எடுத்து வைத்திருக்கிறேன், 14 அங்குலம். மடக்குவதற்கு ஏற்ற போல்ட்டும் வாஷரும் தேடிக்கொண்டிருக்கிறேன்.