எலியாவுக்கு முதலில் சாப்பாடு

நன்றாக வேலை செய்கிறவர் தலையில் மேலும் வேலையை ஏற்றுவது தேவனுக்கு முன்பாக நியாயமா? ஆஸ்பத்திரிகளில் யாரும் இதைக் கேட்பதில்லை. கைராசிக்காரி என்று பெயரெடுத்த நர்ஸுக்குத்தான் மோசமான கேஸ். ஆள் குறைந்த நைட் டூட்டியும் அவளுக்குத்தான். புதிதாக வந்த பிள்ளைகளைப் பழக்குவதும் அவள்தான். சுமாராக வேலை பார்க்கிறவர் நேரத்துக்கு ஹேண்டோவர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இவள் இருட்டும்வரை நிற்பாள். ஏன் என்றால், ‘அவதான் செய்வா’ என்பார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியாக இருந்தால் கூடவே வசனமும் வரும். அதிகம் பெற்றவனிடம் அதிகம் எதிர்பார்க்கப்படும் என்று ஆண்டவர் சொன்னதாக லூக்கா 12-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். நான் பாளையங்கோட்டையில் பிறந்தவள், நர்ஸிங் சூப்பரின்டெண்டெண்ட்டாக ஓய்வுபெற்றவள். இந்த வசனத்தை மனதார நம்புகிறேன். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும். இதை எங்களுக்குச் சொல்கிறீரா, எல்லாருக்குமா என்று பேதுரு கேட்கிறான். அதற்கு இயேசு ஒரு விசாரணைக்காரனைப் பற்றிச் சொல்கிறார். எஜமான் ஊருக்குப் போகும்போது மற்ற வேலைக்காரர்கள்மேல் அதிகாரம் கொடுத்து விட்டுப்போன ஆள் அவன். அவனுக்கு இட்ட வேலை ஒன்றுதான்: அவர்களுக்கு வேளாவேளைக்குப் படி அளப்பது. அளக்காமல் அவர்களை அடித்துத் தானே தின்று குடித்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான், அதிகம் பெற்றவனிடம் அதிகம் கேட்கப்படும் என்று முடிக்கிறார். ஆக, இன்சார்ஜ் சிஸ்டரும் மேட்ரனும் சூப்பரின்டெண்டெண்ட்டும் தங்களைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய வசனம் அது. அதை எடுத்து, சாப்பிடாமல் நிற்கிற நர்ஸிடம் நீட்டுவது எனக்குப் பொறுக்க முடியாத காரியம்.

குழந்தைகள் வார்டில் எங்களிடம் ஒரு பெண் இருந்தாள். வயிற்றுப்போக்கில் துவண்டு வருகிற கைக்குழந்தைக்கு நரம்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வற்றிய உடம்பு, விரல் மொத்தம்கூட இல்லாத மணிக்கட்டு, பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிற தாய். இரண்டு மூன்று பேர் குத்திப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வெளிச்சத்தைத் திருப்பி வைப்பாள், புறங்கையைத் தடவிப் பார்ப்பாள், கிடைக்காவிட்டால் தலையில் தேடுவாள். வென்ஃப்ளான் ஊசி உள்ளே போய் ரத்தம் எட்டிப் பார்த்ததும் அறையில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். பிறகு மற்ற வார்டுகளிலிருந்தும் போன் வரத் தொடங்கியது. அவள் டிபன் டப்பாவைத் திறந்திருக்கும்போது வரும். நைட் முடித்துத் தூங்குகிறவளை ஹாஸ்டலிலிருந்து எழுப்பவும் வரும். போனவள் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ஒரு நாள் காலை, சின்னக் காரியம், ரிப்போர்ட் புக்கில் ஒரு நேரம் விட்டுப்போயிற்று என்று யாரோ சொன்னதற்கு, மருந்து அறையில் உட்கார்ந்து அழுதாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள்.

இப்படித் துவண்டவர்களில் எலியா தீர்க்கதரிசியும் ஒருவன். அவன் கதையை ஞாயிறு பள்ளியில் பெரும்பாலும் கர்மேல் மலையோடு நிறுத்திவிடுவோம். பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆள், வானத்திலிருந்து அக்கினி, நெடும் பஞ்சத்துக்குப் பிறகு மழை, ஆகாப் ராஜாவின் ரதத்தை முந்திக்கொண்டு யெஸ்ரயேல்வரை ஓட்டம். அடுத்த அதிகாரத்தில் ஆகாபின் ராணி யேசபேல் ஓர் ஆளிடம் மிரட்டல் சொல்லியனுப்புகிறாள். அவ்வளவுதான்; 450 பேருக்கு அசையாதவன் உயிர் தப்ப ஓடுகிறான். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டு வனாந்தரத்துக்குள் ஒரு நாள் நடக்கிறான். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும் என்கிறான். கூட இருந்த ஒருவனையும் விட்டுவிட்டுப் போனதை நான் கவனிக்காமல் தாண்டியதே இல்லை. மிக நன்றாக வேலை செய்கிறவர்கள் தளரும்போது முதலில் செய்வது அதுதான். மெஸ்ஸுக்கு வர மாட்டார்கள்.

தேவதூதன் வருகிறான். தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. கர்மேலில் எவ்வளவு பெரிய காரியம் செய்தாய் என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. எலியா தின்றுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் அவனைத் தூங்க விடுகிறான். இரண்டாவது தடவை எழுப்பும்போதுதான், போக வேண்டிய வழி உன்னால் தாங்க முடியாத தூரம் என்ற பேச்சு வருகிறது, அதுவும் இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்பதற்காக. வார்டில் ஒரு நோயாளி துவண்டு விழுந்தால் சர்க்கரை பார்ப்போம், பிரஷர் பார்ப்போம், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்போம். கூட வேலை செய்கிறவள் துவண்டால் மட்டும் ஏன் புத்திமதியில் ஆரம்பிக்கிறோம்?

40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபின் தேவன் கேள்வி கேட்கிறார்: இங்கே என்ன செய்கிறாய்? நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்கிறான் எலியா. பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அதற்குப் பின் மெல்லிய சத்தம். மீண்டும் அதே கேள்வி. சொல் மாறாமல் அதே பதில். தேவதரிசனம் கிடைத்த பிறகும் அவன் மனசில் அந்த ஒரே பாட்டுத்தான் ஓடுகிறது. களைப்பு எவ்வளவு ஆழமானது என்று இதைவிட உண்மையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. பாகாலுக்கு முழங்கால் மடக்காதவர்கள் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று தேவன் சொல்கிறார். நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். ‘நீ இல்லேன்னா இந்த வார்டே ஓடாதும்மா’ என்று பாராட்டுகிறோம். நான் ஒருவன்தான் என்ற அந்த நோயை அன்பாகப் பேசியே உள்ளே ஏற்றுகிறோம்.

எங்கள் தொழிலுக்குத் தாயான புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய ‘நர்ஸிங் பற்றிய குறிப்புகள்’ புத்தகத்தில் சில்லறை நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நீ இருக்கும்போது நடப்பது, நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யாவிட்டால் உன் நல்ல வேலையெல்லாம் வீண் என்பது அதன் சாரம். அதே அம்மையார், தன்னை 1854-இல் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த நண்பர் சிட்னி ஹெர்பர்ட்டை என்ன செய்தார்? ராணுவச் சீர்திருத்தங்களுக்காக அவரைப் பிடித்து ஓட்டினார். சிறுநீரக நோயில் அவர் நலிந்து, இனி முடியாது என்றபோது கடிந்துகொண்டார். 1861 ஆகஸ்டில், 50 வயதில், அவர் இறந்துபோனார். அந்த நோய் எப்படியும் அவரைக் கொண்டுபோயிருக்கும். பழியை நான் சுமத்தவில்லை. ஆனால் நர்ஸிங்குக்கே இலக்கணம் எழுதியவருக்கு, பக்கத்தில் இருந்த நோயாளி கண்ணில் படவில்லை. காரியம் அவ்வளவு பெரியதாக இருந்தது. பரிசுத்தமான காரியங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். இலாபத்துக்கு நடக்கிற இடத்தில் ஆளை வதைத்தால் மனசாட்சியாவது குத்தும். ஊழியம் என்று பெயர் வைத்துவிட்டால் அதுவும் குத்தாது.

மருந்து அறையில் அழுத அந்தப் பெண்ணிடம் அன்று நான் கேட்டது, ‘சாப்பிட்டியாம்மா?’ என்றுதான். இல்லை மேடம் என்றாள். ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு, அவளை எழுப்பப் போன் செய்யக் கூடாது என்று எல்லா வார்டுக்கும் சொன்னேன். அடுத்ததாக, நரம்பு கிடைக்காத குழந்தை வந்தால் அந்த வார்டு ஸ்டாஃப் ஒருவர் ட்ரேயோடு அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், பிறகு அவள் பக்கத்தில் நிற்க, தானே எடுக்க வேண்டும் என்று வைத்தோம். டாக்டர்களுக்கு எரிச்சல். தாமதமாகிறது என்றார்கள். உயிர் ஊசலாடும்போது மட்டும் அவளே எடுக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். எனக்குக் கஷ்டமாக இருந்தது டாக்டர்களின் எரிச்சல் அல்ல. ‘என்னை ஒதுக்குறீங்களா மேடம்?’ என்று அவளே கேட்டாள். கையில் இருக்கிற வரம் தனக்கு மட்டும் உரியது என்று நம்பிப் பழகியவளிடம், அதைப் பகிர்ந்து கொடு என்றால் பறிப்பதுபோல்தான் இருக்கும். உட்காரவைத்து நிறையப் பேசினேன். சும்மா இருக்கவும் அவளால் முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஓய்வு மட்டும் கொடுத்தால் வாடிவிடுவார்கள். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சையில் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டாள். அனுப்பச் சொல்லி எழுதினேன்.

எங்கள் சபைக்கு வந்த ஒரு போதகர், எலியா சுயபரிதாபத்தில் விழுந்ததால் தேவன் அவனை வேலையிலிருந்து விலக்கி எலிசாவை நியமித்தார் என்று பிரசங்கம் செய்தார். அப்படி வாசிக்க இடமில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறித்த ஆகாபை நேருக்கு நேர் கண்டிக்க, ஓரேபுக்குப் பிறகும் தேவன் அனுப்பியது எலியாவைத்தான். ஓரேபில் அவனுக்குக் கிடைத்த கட்டளைகள் மூன்று: சீரியாவுக்கு ராஜாவாக ஆசகேலை, இஸ்ரவேலுக்கு ராஜாவாக யெகூவை, தன் இடத்துக்குத் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம் பண்ண வேண்டும். எலியா நேரே போனது எலிசாவிடம். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தவன்மேல் தன் சால்வையைப் போட்டான். மற்ற இரண்டையும் அவன் செய்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. நீ சீரியாவுக்கு ராஜாவாவாய் என்று ஆசகேலிடம் சொன்னது, பின்னாளில், எலிசா. யெகூவின் தலையில் தைலம் வார்த்தது, எலிசா அனுப்பிய ஒரு வாலிபன். அவன் பெயர்கூட எழுதப்படவில்லை.