ஆறு காதுக் குரங்கு



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசையின் பின் மண்டபத்தில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் சமய அறிஞன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன். அன்று பேச இருந்த பெரியவர் சுகவீனமுற்றதால் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். குறைகளைப் பொறுத்தருள்க.

என் மகனுக்குப் பதினைந்து வயது. சீன நிறுவனம் ஒன்று 2025 ஆகஸ்டில் ஒரு புதிய வீடியோ விளையாட்டை அறிவித்தது. பெயர் 'பிளாக் மித்: ஜொங் குய்'. விளையாட்டு வெளிவரும் திகதியைச் சொல்லவில்லை. புலிமேல் ஒருவர் வருகின்ற சிறு படம் ஒன்றை மட்டும் காட்டினார்கள். அந்தப் படத்தை மகன் எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கில்லை. "அப்பா, புலியிலை இருக்கிறவர் ஆர்? நாங்கள் விளையாடப் போறது அவரையோ, அல்லது வேறை ஆளையோ?" என்று சாப்பாட்டு மேசையிலும் இதே ஆராய்ச்சிதான்.

ஜொங் குய் சீனக் கர்ண பரம்பரைக் கதையில் வருபவர். அரசாங்கப் பரீட்சையில் திறமையாகச் சித்தியடைந்தும், முகம் விகாரமானது என்று பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவமானம் தாங்காமல் அரண்மனைப் படியில் தலையை மோதி இறந்தார். பின்னர் பேய்களை அடக்குபவரானார். அவரது படத்தை வாசற்கதவில் ஒட்டுவது அங்கே வழக்கம். பட்டச் சான்றிதழோடு இந்த நாட்டில் வேலை தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. இதே நிறுவனத்தின் முந்திய விளையாட்டு, சன் வூக்கோங் என்ற குரங்கு வீரனைப் பற்றியது. 2020 ஆகஸ்டில் முன்னோட்டம் வந்ததிலிருந்து 2024 ஆகஸ்ட் 20இல் விளையாட்டு வெளிவரும் வரை, "இது உண்மையான வூக்கோங்கா, ஆறு காதுக் குரங்கா?" என்று ஒரே வாதப் பிரதிவாதம். வந்த பின் பார்த்தால் இரண்டுமில்லை. வூக்கோங் விட்டுப்போன ஆறு பொருள்களைத் தேடிப் போகின்ற பெயரில்லாத இன்னொரு குரங்கு. கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் என்ற ஆறின் பெயரால் அமைந்த பொருள்கள் அவை. ஐம்புலனும் மனமும் என்று நாங்கள் படித்ததுதானே!

ஆறு காதுக் குரங்கின் கதை, 1592இல் அச்சான 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நூலில் வருகிறது. வூக்கோங்கைப் போலவே இன்னொரு குரங்கு வந்து நிற்கிறது. அதே முகம், அதே தடி, அதே குரல். குருவானவர் தண்டனை மந்திரத்தைச் சொன்னால் இரண்டுக்கும் தலை வலிக்கிறது. தேவலோகத்துக் கண்ணாடியிலும் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. பாதாளத்தில் க்ஷிதிகர்ப்பரின் காலடியில் படுத்திருக்கும் ஒரு விலங்கு, காதை நிலத்தில் வைத்துக் கேட்டே உண்மையை அறிந்துவிடுகிறது. ஆனால் சொல்ல மறுக்கிறது. சொன்னால் பொய்க்குரங்கு அங்கேயே கலகம் செய்யும் என்று பயம். கடைசியில் புத்தர்தான் இனங்காட்டுகிறார்.

இந்தக் குரங்குக்கு எங்கள் அனுமனே மூலம் என்று ஹு ஷி என்ற சீன அறிஞர் 1920களில் வாதிட்டார். லூ சுன் அதை ஏற்காமல், சீனத்து நீர்ப்பூதம் ஒன்றே மூலம் என்றார். தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்லன். ஆனால் ஒன்று: சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில், 13ஆம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்றில் குரங்கு வீரன் செதுக்கப்பட்டிருக்கிறான். அதே ஊரில் தமிழ் வணிகருக்கு ஒரு சிவன் கோயில் இருந்தது; 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. மகனுக்கு இதைச் சொன்னபோது முதன்முதலாக என்னை மரியாதையோடு பார்த்தான்.

சரி, இராமாயணத்துக்கு வருவோம். அசோகவனத்தில் அனுமன் வந்து நின்றபோது சீதாப்பிராட்டி உடனே நம்பினாளா? இராவணனே வேடம் போட்டு வந்திருப்பானோ என்று அஞ்சினாள். ஏமாந்தவளுக்கு அந்த அச்சம் நியாயமானது. பலரும் கணையாழியைத்தான் நினைப்பார்கள். வான்மீகியில் கணையாழி பிறகுதான் வருகிறது. முதலில் அனுமன் மரத்திலிருந்தபடி இராமனின் கதையைச் சொல்கிறான். அவள் கேட்க, இராமனின் அங்க அடையாளங்களைச் சொல்கிறான். மோதிரத்தைக் களவெடுக்கலாம், ஒருவனோடு வாழ்ந்து அறிந்ததைக் களவெடுக்க முடியுமா?

இந்த இடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையில் சொல்லத் தயங்கினேன். எழுதும்போதும் தயக்கம்தான்.

நான் 2008இல் இந்த நாட்டுக்கு வந்தது வேறொருவருடைய கடவுச்சீட்டில். ஒன்பது நாள் அவருடைய பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய பிறந்த திகதியைப் பாடமாக்கினேன். அவருடைய தகப்பனாரை என் தகப்பன் என்று சொல்லப் பழகினேன். அந்த நேரம் என் ஐயா உயிரோடு இருந்தார். விமான நிலையத்தில் இறங்கி என் சொந்தப் பெயரைச் சொன்னபோது, "நேற்று அந்தப் பெயர், இன்று இந்தப் பெயர், நாளைக்கு எது?" என்று கேட்டார்கள். அதைத் தீர்க்க மூன்று வருடம் சென்றது.

அந்தக் கடவுச்சீட்டுக்காரர் யார்? காசுக்கு விற்றாரா, பறிகொடுத்தாரா, இறந்துவிட்டாரா? எனக்குத் தெரியாது. பரீட்சைமீதி சமப்படாவிட்டால் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போடுவோம். அவரை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வந்த ஆண்டிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை முருகனுக்கு அவர் பெயரில் ஓர் அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்பார். "தெரியாது ஐயா" என்பேன்.

என் வீட்டில் அந்தப் பெயரைப் பற்றியும் ஊகங்கள் இருந்திருக்கின்றன என்று இப்போதுதான் அறிந்தேன். செத்துப்போன பெரியப்பா என்று மகள் நினைத்திருந்தாள். அப்பாவின் கூட்டாளி, சண்டையில் செத்தவர் என்று மகன். கேட்கத்தான் பயந்திருக்கிறார்கள். பாதாளத்து விலங்கைப் போல நான் அறிந்தும் சொல்லாமல் கிடந்திருக்கிறேன்! ஒருநாள் இரவு, "புலிமேல் இருப்பவர் ஆர்?" என்று அவன் மறுபடி தொடங்கியபோது, அதை நிறுத்திவிட்டு இதைச் சொன்னேன். எல்லாம் கேட்டபின், "அவர் உயிரோடை இருக்கிறாரோ?" என்றான். தெரியாது என்றேன். அதற்குமேல் அவன் ஒரு ஊகமும் சொல்லவில்லை.

நான் பேசிய அந்த வெள்ளிக்கிழமைதான் இந்த ஆண்டு அர்ச்சனையும். ஐயர் வழக்கம்போல நட்சத்திரம் கேட்டார். நான் வாய் திறக்கமுன் மகன், "அப்பா, பிறந்த திகதி உங்களுக்குப் பாடம்தானே?" என்றான். பதினேழு வருடம் கணக்கு எழுதுகிற எனக்கு இது தோன்றவில்லை. திகதியைச் சொன்னேன். தொலைபேசியில் பழைய பஞ்சாங்கம் தேடினான். காலையில் பிறந்திருந்தால் பூசம், பின்னேரம் என்றால் ஆயிலியம் என்று வந்தது.

ஐயர் சிறிது யோசித்தார். பிறகு இரண்டு நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தார்.